செய்தியாளரின் சொந்தப் பக்கம் யாருக்குச் சொந்தம்?

யாழ்ப்பாணத்தில் ஒரு செய்தியாளரை வேலையை விட்டு நிறுத்தக் கடிதம் தேவைப்படுவதில்லை. அவர் அனுப்பிய செய்தி அடுத்த நாள் பத்திரிகையில் வராது. அதற்கடுத்த நாளும் வராது. ஆசிரியபீடத்துக்கு அழைத்துக் கேட்டால் "இடமில்லை தம்பி, நாளைக்குப் பாப்பம்" என்று பதில் வரும். ஒரு கிழமை போனதும் அழைப்பையே எடுக்க மாட்டார்கள். வெளிவந்த செய்திக்குத்தானே காசு, மாத முடிவில் கணக்குப் பார்த்தால் பூச்சியம். அவரை யாரும் நிறுத்தவில்லை. அவராக நின்றுவிட்டார் என்றுதான் ஊர் நினைக்கும்.

ஏன் நின்றார் என்று துருவிக் கேட்டால் பல கதைகள் வரும். அவற்றில் ஒன்று இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. முகநூலில் எதையோ எழுதிவிட்டாராம், அல்லது யூடியூப்பில் எதையோ பேசிவிட்டாராம். பதினைந்து வருடங்களுக்கு முன்பென்றால் அது வலைப்பூவாக இருந்திருக்கும். எழுதும் இடம் மாறியிருக்கிறதே தவிர சிக்கல் அதேதான். வேலை நேரத்துக்கு வெளியே, தன் சொந்தப் பக்கத்தில், சம்பளம் எதுவும் வாங்காமல் ஒரு செய்தியாளர் எழுதுவதற்கு அவருடைய பத்திரிகை அவரைத் தண்டிக்கலாமா?

இதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசியதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், தன் வீட்டில் இருந்து எழுதிக்கொண்டிருந்த செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜனைச் சுட்டுக் கொன்ற ஊர் இது. 2006 மே 2 இரவு உதயன் அலுவலகத்துக்குள் புகுந்த துப்பாக்கிதாரிகள் ஊழியர் இருவரைக் கொன்றார்கள். 2011 ஜூலையில் அதே பத்திரிகையின் செய்தி ஆசிரியர் ஞா.குகநாதனை வழிமறித்துக் கம்பிகளால் அடித்தார்கள். 2013 ஏப்ரலில் அச்சகத்துக்குத் தீ வைத்தார்கள். கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு யாழ். ஊடக அமையத்தில் விளக்கேற்றிவிட்டு நிற்கும்போது, "என்ர செய்தியை ரெண்டு மாதமாப் போடேல்லை" என்று யார் வாய் திறப்பது? உயிர் போன இடத்தில் வேலை போனது ஒரு துயரமாகவே எண்ணப்படுவதில்லை. அந்தக் கூச்சத்தில் ஒரு வசதி இருக்கிறது. வசதி முழுக்க நிறுவனத்தை நடத்துபவர்களுக்கு.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கதை ஒன்றுமில்லை. 2012இல் ஒரு பத்திரிகைக்கு வலிகாமத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். இரவில் வலைப்பூ எழுதுவேன். வலைப்பூ என்றால் கிணற்றடி, சைக்கிள், பழைய ஆசிரியர்கள் என்று ஊர்க்கதைகள்தான். ஒரு நாள் ஒரு ரியூசன் கொட்டகையைப் பற்றி எழுதினேன். தகரக் கூரை, பங்குனி வெயில், ஒரு வாங்கில் ஏழு பிள்ளைகள், ஞாயிறு காலையிலும் வகுப்பு. கொட்டகையின் பெயரைக்கூடப் போடவில்லை. என் வலைப்பூவை யாழ்ப்பாணத்தில் நாற்பது பேர் படித்திருந்தாலே அதிகம், மிச்ச வாசகர்கள் எல்லாம் ரொறன்ரோவிலும் லண்டனிலும். ஆனால் ரொறன்ரோவில் படித்த ஒருவர் தன் அக்காவுக்கு அழைத்துச் சொல்ல, அக்கா கொட்டகைக்காரரின் மனைவிக்குச் சொல்ல, மூன்று நாளில் விஷயம் கடல் தாண்டிப் போய்த் திரும்பி எங்கள் ஒழுங்கைக்கே வந்துவிட்டது. அந்தக் கொட்டகை கிழமைக்கு ஒரு கால்பக்க விளம்பரம் தரும் இடம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆசிரியர் அழைத்தார். கோபப்படவில்லை.

"தம்பி, நீர் எழுதினது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா நீர் எங்கட ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

"அண்ணை, அது என்ர சொந்தப் பக்கம். பத்திரிகையின்ர பேரே அதில இல்லை."

"உம்மட பேர் இருக்குத்தானே? உம்மட பேரை ஆருக்குத் தெரியும், எங்கட பேப்பர் இல்லாட்டி?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதிவை எடுக்கவும் இல்லை. இரண்டு மாதம் என் செய்தி எதுவும் வரவில்லை.

என் ஆசிரியர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி கடல் கடந்த கேள்வி என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 2003இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் பத்திரிகை இதையே சொல்லியிருந்தது. அங்கே நெடுங்காலம் பத்தி எழுதிய டெனிஸ் ஹோர்கனைப் பயணப் பகுதியின் ஆசிரியராக மாற்றினார்கள். பத்தி பறிபோன மனிதர் வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு வலைப்பூவில் பத்தி எழுதத் தொடங்கினார். நிறுத்து என்றது பத்திரிகை. இவருக்கு ஊரில் உள்ள பெயர் முழுக்க எங்களோடு இருந்ததால் கிடைத்தது, அதை வைத்துக்கொண்டு தனிக்கடை போட முடியாது என்பது ஆசிரியரின் வாதம். வேலை போகவில்லை, வலைப்பூ போயிற்று.

அதற்கு முந்திய வருடம் ஹூஸ்டன் குரோனிக்கிள் செய்தியாளர் ஸ்டீவ் ஓலஃப்சனுக்கு வேலையே போனது. அவர் 'பான்ஜோ ஜோன்ஸ்' என்ற புனைபெயரில் ஒரு வலைப்பூ நடத்தினார். தான் செய்தி சேகரிக்கும் மாவட்டத்தின் அரசியல்வாதிகளையும் தன் பத்திரிகையையுமே அதில் கிண்டல் செய்தார். ஆளைக் கண்டுபிடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு உடன்பாடில்லை. ஓலஃப்சனின் பத்திரிகைக்கு ஒரு நியாயம் இருந்தது. பகலில் நீங்கள் பேட்டி எடுக்கும் பிரதேச சபைத் தவிசாளரை இரவில் முகமூடி போட்டுக்கொண்டு நக்கலடித்தால், நீங்கள் எழுதும் செய்தியை அவரும் நம்பமாட்டார், அவரை எதிர்ப்பவரும் நம்பமாட்டார். ஹோர்கன் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. பயணப் பகுதி நடத்துபவர் தன் ஊரைப் பற்றிப் பத்தி எழுதினால் எந்தச் செய்தி கெட்டுப்போகிறது? கெட்டது பத்திரிகையின் உடைமை உணர்வு மட்டும்தான். செய்தியின் நம்பகத்தைக் காப்பதற்குப் போடும் தடை வேறு, ஆளே எங்களுக்குச் சொந்தம் என்று போடும் தடை வேறு. பிந்தியதைச் செய்கிற நிறுவனங்கள் முந்தியதன் மொழியில்தான் பேசும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டியிருக்கிறது.

அந்த 2003 மார்ச்சிலேயே, ஈராக் போர்முனையில் இருந்த சி.என்.என். தொலைக்காட்சிச் செய்தியாளர் கெவின் சைற்ஸ் தன் சொந்த வலைப்பூவை நிறுத்தவேண்டி வந்தது. போரைச் செய்தியாக்குவதே முழுநேர வேலை என்றது சி.என்.என். 2008இல் அதே நிறுவனத்தின் தயாரிப்பாளர் செஸ் பசியென்சா, சொந்த வலைப்பூவுக்காக வேலையை இழந்தார். தான் எங்கே வேலை செய்கிறேன் என்பதை அவர் அந்த வலைப்பூவில் சொல்லியிருக்கவே இல்லை. வெளியே எதை எழுதினாலும் முன் அனுமதி பெறவேண்டும் என்ற விதியைக் காட்டினார்கள்.

வருடம் போகப் போக, தண்டனைக்குப் போதுமான எழுத்தின் நீளம் சுருங்கியது. 2010இல் சி.என்.என்.னில் இருபது வருடம் வேலை செய்த மத்திய கிழக்கு விவகார ஆசிரியர் ஒக்டேவியா நாஸ்ர், லெபனானின் ஷியா மதத்தலைவர் ஃபள்லல்லா இறந்தபோது தான் மதித்த மனிதர் என்று டுவிட்டரில் ஒரு வரி எழுதினார். பிறகு நீளமாக விளக்கமும் எழுதினார். சில நாட்களில் வேலை போனது. நூற்று நாற்பது எழுத்துக்கு இருபது வருடம். 2021இல் ஏ.பி. செய்தி நிறுவனம் எமிலி வைல்டர் என்ற புதிய செய்தியாளரைச் சேர்த்த மூன்று கிழமைக்குள் நிறுத்தியது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பலஸ்தீனம் பற்றி அவர் எழுதியவற்றை மாணவர் அமைப்பொன்று தோண்டியெடுத்துப் பரப்பியிருந்தது. வேலையில் சேர்ந்த பிறகு போட்ட பதிவுகள்தான் விதியை மீறின என்று ஏ.பி. சொன்னது. ஆனால் யாரும் தோண்டாமல் இருந்திருந்தால் அந்தப் பதிவுகளை யாரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஆட்கள் பலர் முகநூலில் தங்கள் பெயருக்குக் கீழே 'இங்கு பகிரப்படுபவை என் சொந்தக் கருத்துகள்' என்று போட்டுவைத்திருக்கிறார்கள். கோயில் நூல் கட்டிக்கொள்வதைப் போல. பி.பி.சி. தன் ஊழியர்களுக்குக் கொடுத்துள்ள வழிகாட்டலில், அப்படி ஒரு வரி எழுதி வைப்பதால் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டது.

சரி, கருத்துச் சுதந்திரம் எங்கே போனது? இந்தக் கேள்வியில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். அரசியலமைப்புகள் தரும் கருத்துச் சுதந்திரம் பெரும்பாலும் அரசாங்கத்தின் கையைக் கட்டுவதற்கு எழுதப்பட்டது. முதலாளியின் கையை அது கட்டாது. அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வொஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் சான்ட்ரா நெல்சன் என்ற செய்தியாளர், வேலை நேரத்துக்கு வெளியே தன்பாலினத்தவர் உரிமைக்காகப் போராட்டங்களில் ஈடுபட்டார். 1990இல் அவரைக் களத்திலிருந்து எடுத்துப் பிரதி திருத்தும் மேசைக்கு மாற்றினார்கள். ஊழியரின் அரசியல் ஈடுபாட்டுக்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்று அந்த மாநிலத்தில் சட்டமே இருந்தது. ஆனாலும் 1997இல் மாநில உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் தீர்ப்பளித்தது. யார் எழுதுகிறார் என்பதைத் தீர்மானிப்பதும் பத்திரிகைச் சுதந்திரத்தின் பகுதி, அதில் அந்தச் சட்டம் தலையிட முடியாது என்றது. அதாவது, பத்திரிகைச் சுதந்திரம் என்ற சொல்லே செய்தியாளருக்கு எதிராக வாசிக்கப்பட்டது. அந்தச் சுதந்திரம் பத்திரிகையை வைத்திருப்பவருடையது, எழுதுபவருடையது அல்ல.

இலங்கைக்கு வருவோம். அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. அது மீறப்பட்டால் 126ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் மீறியது நிறைவேற்றுத்துறையின் அல்லது நிர்வாகத்துறையின் செயலாக இருக்கவேண்டும். 1973இல் அரசு கையகப்படுத்திய லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் போன்ற இடமென்றால் வழக்கறிஞர் ஒருவர் வாதாடிப் பார்க்கலாம். தனியார் பத்திரிகை என்றால் அந்தக் கதவு திறக்காது. மிஞ்சுவது தொழிற்சட்டம்.

தொழிற்சட்டம் எங்களிடம் மோசமில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் என்றால் அதை எழுத்தில் அறிவிக்கவேண்டும். 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அங்கே நீதியும் நியாயமுமான கட்டளை எது என்று பார்ப்பார்கள், ஒப்பந்தத்தின் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பமாட்டார்கள். அந்தச் சட்டத்தில் 'வேலையாள்' என்பதற்குத் தந்த வரைவிலக்கணமும் அகலமானது. வாய்மொழி ஒப்பந்தமும் சேரும், ஒரு வேலையைத் தானே செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டவரும் சேருவார்.

ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. ஆனால் எந்தச் சட்டத்தின் படியில் ஏறுவதற்கும் முதலில் நீங்கள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். செய்தி வராமல் போனது நிறுத்தமா? இடமில்லை என்று சொன்னது ஒழுக்காற்று நடவடிக்கையா? கடிதம் கொடுக்காமல் நிறுத்தும் வழக்கம் ஏன் இவ்வளவு காலம் நீடிக்கிறது என்பது இங்கேதான் விளங்கும். நியமனக் கடிதமே இல்லாதவருக்கு நீக்கற் கடிதம் எப்படி வரும்? நியாய சபைக்குப் போவதானால், இத்தனை வருடம் இவர்களுக்கு வேலை செய்தேன் என்பதை நிறுவ வெட்டி ஒட்டிவைத்த செய்தி நறுக்குகளும், வங்கிப் புத்தகத்தில் மாதாமாதம் விழுந்த சிறு தொகைகளும்தான் கையில் இருக்கும். நறுக்குகளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். பழம்பெருமைக்காக அல்ல.

பிராந்தியச் செய்தியாளர் என்பவர் ஊழியரா இல்லையா என்ற இந்த மயக்கம் நிறுவனங்களுக்கு எப்படியெல்லாம் உதவுகிறது பாருங்கள். ஊழியர் சேமலாப நிதி என்று கேட்டால், நீர் நிரந்தர ஊழியர் இல்லையே, செய்திக்குக் காசு வாங்குபவர்தானே என்பார்கள். உண்மையில் அந்தச் சட்டம் துண்டு வீதத்தில் கூலி பெறுபவரையும் தற்காலிகமாக வேலை செய்பவரையும் விட்டுவிடவில்லை. சம்பளத்தில் நிறுவனம் 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்டவேண்டும் என்பது அவர்களுக்கும் பொருந்தும். போகட்டும். ஆனால் நீங்கள் எடுத்த படத்தை உங்கள் முகநூலில் போட்டுப் பாருங்கள். அது எங்கள் படம், நீர் எங்கள் ஆள் என்று அழைப்பு வரும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஊழியர் ஒருவர் வேலையின்போது உருவாக்கியதன் பொருளாதார உரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தொழில்கொள்வோருக்கு என்கிறது. அதற்கு அவர் முதலில் ஊழியராக இருக்கவேண்டும் அல்லவா? சேமலாப நிதிக்கு ஊழியர் இல்லை, படத்துக்கு ஊழியர், முகநூலில் எழுதினால் இருபத்துநான்கு மணிநேர ஊழியர். ஒரே ஆள்தான்.

என் இரண்டு மாத வனவாசம் முடிந்ததும் ஒரு படத்தால்தான். கே.கே.எஸ். வீதியில் நடந்த ஒரு விபத்தின் படம் என்னிடம் மட்டும் இருந்தது. அழைத்தார்கள். கொடுத்தேன். ரியூசன் கொட்டகையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இன்னொரு கயிறும் உண்டு. அரசாங்கத் தகவல் திணைக்களம் தரும் ஊடக அடையாள அட்டை நிறுவனத்தின் பரிந்துரையோடு வருவது. பொலிஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகவும், மாவட்டச் செயலகக் கூட்டத்தில் உட்காரவும் அந்த அட்டை வேண்டும். பரிந்துரைக்கவில்லை என்றால் வேலையோடு சேர்ந்து தொழிலும் போய்விடும். பகலில் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு செய்தி அனுப்புபவர்களின் பாடு இன்னும் சிக்கல். அரச ஊழியர் என்பதால் தாபன விதிக்கோவை அவர்களைக் கட்டுகிறது. சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்வதும் அந்த விதிகளுக்கு உட்பட்டது, மீறினால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கையே அனுப்பியது. காலிமுகத்திடல் போராட்டக் களம் கலைந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. ஒரே பதிவுக்கு இரண்டு இடத்தில் விளக்கம் கொடுக்கவேண்டிய மனிதர்கள் இவர்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஆசிரியர்மாரின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. வொஷிங்டனிலோ சிட்னியிலோ ஒரு ஆசிரியர் பயப்படுவது வாசகர் குறைவார்கள், விளம்பரம் போகும், அரசியல்வாதி கத்துவார் என்று. இங்கே 2006இலும் 2013இலும் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் கண்ட தலைமுறை இன்னும் ஆசிரியபீடங்களில் இருக்கிறது. செய்தியாளர் தன் முகநூலில் எழுதியதை ஊரும் புலனாய்வுக்காரரும் கட்சிக்காரரும் பத்திரிகையின் குரலாகவே படிப்பார்கள். பதிவை எழுதியவர் வீட்டில் இருப்பார், கேட்டில் நிற்பது காவலாளியும் அச்சுக்கூடத்துப் பையன்களும். ஊடகவியலாளர் ஜே.எஸ்.திஸ்ஸநாயகம் மாத இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஓகஸ்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருபது வருடச் சிறைத்தண்டனை பெற்றவர். ஒரு வரிக்கு என்ன விலை வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஒரே நாளில் போய்விடாது. 2024 ஜனவரியில் நிறைவேறிய, இணையப் பதிவுகளுக்கு வழக்குப் போட இடம்தரும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்தப் பழக்கத்தைக் குறைக்க ஒன்றும் செய்யவில்லை. பத்திரிகையில் வந்தால் ஆசிரியரும் நிறுவனத்தின் சட்டத்தரணியும் கூட நிற்பார்கள். சொந்தப் பக்கத்தில் வந்தால் நீதிமன்றப் படியில் தனியாகத்தான் ஏறவேண்டும். 2002இல் குற்றவியல் அவதூறு ஒழிக்கப்பட்டாலும் குடியியல் வழக்கு அப்படியேதான் இருக்கிறது.

ஆக, பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பயத்தின் பெயரில் ரியூசன் விளம்பரத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்களே, என் ஆத்திரம் அதில்தான். மரண அறிவித்தல், நினைவஞ்சலி, நகைக்கடை, ரியூசன் இவற்றில் ஓடுகிற பத்திரிகைகள் எங்களுடையவை. உரிமையாளர் அரசியலில் இருப்பதும் இங்கே புதிதில்லை. உதயன் பத்திரிகையின் உரிமையாளர் ஈ.சரவணபவன் 2010 முதல் 2020 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார், அதை யாரும் ஒளிக்கவில்லை. முதலாளி மேடையேறி வாக்குக் கேட்பது பத்திரிகையின் நடுநிலையைக் கெடுக்காது, செய்திக்குக் கூலி வாங்கும் ஒருவர் முகநூலில் நாலு வரி எழுதுவது கெடுத்துவிடும் என்றால் அது என்ன நடுநிலை? இது ஏதோ ஒரு பத்திரிகைக்கு மட்டுமான கேள்வி அல்ல. அரசியலும் ஊடகமும் ஒரே வீட்டில் குடியிருக்கும் தீவு முழுவதற்குமானது.

முன்பு இதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. புனைபெயர். மஹாகவி என்று நாங்கள் படித்தவர் து.உருத்திரமூர்த்தி என்ற அரச நிர்வாக அதிகாரி. நந்தி என்பவர் யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடப் பேராசிரியர். ஊடகவியலாளர் சிவராம் 1989இல் 'தராக்கி' என்ற பெயரில் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியபோது அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று கொழும்பே தலையைச் சொறிந்தது. ஒருவர் பல பெயரில் வாழ்வது இங்கே கள்ளத்தனமாகக் கருதப்பட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள். அந்த நாகரிகத்தில்தான் புனைபெயர் நின்றது.

இணையத்தில் அது நிற்காது. பிரித்தானியாவில் 'நைட்ஜாக்' என்ற பெயரில் வலைப்பூ எழுதிய பொலிஸ்காரர் ஒருவரை 2009இல் த டைம்ஸ் பத்திரிகை வெளிச்சத்துக்கு இழுத்தது. பெயரை மறைத்து வைத்திருக்க அவருக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றமும் சொன்னது. பத்திரிகையின் செய்தியாளர் ஒருவர் அவருடைய மின்னஞ்சலுக்குள் கள்ளமாக நுழைந்துதான் ஆளைக் கண்டுபிடித்தார் என்பது பிறகு வெளியே வந்தது. இங்கே மின்னஞ்சலுக்குள் நுழையத் தேவையில்லை. "உந்த 'கிணத்தடி' எண்டு எழுதுறது ஆர், எங்கட மாஸ்டற்ற பெடியன்தானே" என்று வாசகசாலையில் சொல்லிவிடுவார்கள்.

இந்த வகை வழக்குகளில் எங்களுக்கு மிக நெருக்கமானது அவுஸ்திரேலியாவில் நடந்தது. 2023 டிசெம்பரில் அன்ரனெட் லற்றூஃப் என்ற ஊடகவியலாளர் அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி.யின் சிட்னி வானொலியில் ஐந்தே நாட்களுக்குத் தற்காலிகமாக நிகழ்ச்சி நடத்த வந்தார். காஸாவில் பட்டினி ஓர் ஆயுதமாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் அமைப்பின் பதிவைத் தன் சொந்தப் பக்கத்தில் பகிர்ந்தார். மூன்றாம் நாள் முடிவில் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இரண்டு நாள் வேலைதான். அதற்காக அவர் நீதிமன்றம் போனார். அரசியல் கருத்துக் காரணமாக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற தொழிற்சட்டப் பிரிவை ஏ.பி.சி. மீறியது என்று 2025 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்து 70,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு வழங்கியது. செப்டெம்பரில் இன்னும் 150,000 டொலர் தண்டம் விதித்தது. பதிவே போடக்கூடாது என்று அவருக்குத் திட்டவட்டமான கட்டளை எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது வழக்கில் எடுபட்டது.

இரண்டு நாள் வேலைக்கு அவ்வளவு தொகையா என்று இங்கே பலர் வாயைப் பிளந்தார்கள். நான் கவனித்தது வேறு. அவர் நிரந்தர ஊழியர் அல்ல, தற்காலிகம். அப்படியிருந்தும் வேலையை விட்டு நீக்கப்பட்டார் என்று நீதிமன்றம் ஏற்றது. எங்கள் நாட்டில் தனியார் துறையில் அரசியல் கருத்துக்காக ஒருவரை நிறுத்தக் கூடாது என்று இவ்வளவு நேராகச் சொல்லும் ஒரு பிரிவு இருந்தால், இடமில்லை தம்பி என்ற பதிலைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

போன மாதம் ஊடகக் கற்கை முடித்த ஒரு தம்பி, ஒரு செய்தி நிறுவனம் கொடுத்த நியமனக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தான். நியமனக் கடிதம் என்று ஒன்று கொடுத்ததே முன்னேற்றம்தான், நான் மெச்சினேன். ஏழாவது பந்தியில், நிறுவனத்தின் நற்பெயருக்குக் குந்தகம் ஏற்படும் எதையும் எந்த ஊடகத்திலும் எந்த நேரத்திலும் பதிவிடக் கூடாது என்று இருந்தது. குந்தகம் என்றால் என்ன, அதை யார் தீர்மானிப்பார், தீர்மானிக்கமுன் இவனைக் கேட்பார்களா, ஒன்றும் இல்லை. சம்பளப் பந்தியில் வெளிவரும் செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று இருந்தது.

"இரண்டு கேள்வி கேட்டுப் பார்" என்றேன். "எந்த நேரத்திலும் எழுதக் கூடாது எண்டால் எந்த நேரத்துக்கும் சம்பளமும் சேமலாப நிதியும் உண்டோ எண்டு ஒண்டு. நீங்கள் செய்தி எடுக்கச் சொல்லுற விஷயங்களைப் பற்றி மட்டும் நான் வெளியில எழுதாமல் விட்டால் காணுமோ எண்டு மற்றது."

கேட்டிருக்கிறான். முதலாவதற்கு, சேமலாப நிதியை அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்களாம். இரண்டாவதற்கு, "நீர் வலு கெட்டிக்காரன்" என்று சிரித்திருக்கிறார்கள். கையெழுத்து வைத்துவிட்டான். வீட்டில் அக்காவின் கலியாணம் இருக்கிறது.